காட்டு வாயுக்களை வானிலிருந்து அளக்க எதைத் தேர்ந்தெடுப்பது: ட்ரோனா, சிறு விமானமா, ஜெட்டா?

காடு வெளிவிடும் வாயுக்களை அளக்கப் போகிறோம், ட்ரோன் வாங்கலாமா, விமானம் வாடகைக்கு எடுக்கலாமா என்று யாராவது கேட்டால், நான் முதலில் திருப்பிக் கேட்பது இதைத்தான்: எந்த வாயு? இதற்குப் பதில் சொல்லாமல் கருவிகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் பேச்சு சுற்றிச் சுற்றி பட்ஜெட்டில் போய் நின்றுவிடும். ஐசோப்ரீனை அளக்கப் போகிறவருக்கும் மீத்தேனை அளக்கப் போகிறவருக்கும் அதே காடு, அதே பணம், அதே பருவம் கிடைத்தாலும் இருவரும் தேர்ந்தெடுக்க வேண்டியது வேறு வேறு.

அமேசானை வைத்தே பேசுகிறேன். காரணம், கையில் இருக்கும் வழிகளில் ஏறக்குறைய எல்லாவற்றையும் அங்கே பார்த்துவிட்டார்கள். 1985-ல் நாசா தன் எலெக்ட்ரா விமானத்தை மனாவுஸ் நகரத்துக்குக் கொண்டுபோய் பிரேசில் ஆய்வாளர்களோடு சேர்ந்து ஏபிள்-2ஏ ஆய்வை நடத்தியது. அது வறண்ட பருவம். மழைப் பருவத்துக்காக 1987-ல் மறுபடி போனார்கள். அன்றிலிருந்து கயிற்றில் கட்டிய பலூன், ஒற்றை எஞ்சின் விமானம், ஜெட், ட்ரோன், 325 மீட்டர் கோபுரம் என்று எல்லாமே அந்தக் காட்டின் மேல் வந்து போயிருக்கின்றன. எது எதற்கு உதவியது, எது எங்கே கைவிட்டது என்று அங்கே தெளிவாகப் பார்க்கலாம்.

முதலில் வாயுக்களின் ஆயுள். மற்ற எல்லா முடிவும் இதிலிருந்துதான் பிறக்கிறது.

ஐசோப்ரீன் ஐந்து கார்பனும் எட்டு ஹைட்ரஜனும் சேர்ந்த சின்ன மூலக்கூறு. வெயில் பட்டால் இலை அதை விடும், இருட்டினால் நிறுத்திவிடும். உலகம் முழுக்கத் தாவரங்கள் ஆண்டுக்கு 50 கோடி டன் என்ற அளவில் இதை விடுவதாக மதிப்பீடு. அதில் பெரும்பங்கு வெப்பமண்டலக் காடுகளுடையது. ஆனால் பகல் காற்றில் வெயிலால் உண்டாகும் ஹைட்ராக்சில் என்ற வினைத்துடிப்பு மிக்க மூலக்கூறு இதை உடனே பிடித்துச் சிதைத்துவிடுவதால் ஆயுள் ஒன்றிரண்டு மணி நேரம்தான். நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் காற்று வீசினால் ஒரு மணி நேரத்தில் 18 கி.மீ. போகும். அப்படியென்றால் உங்கள் விமானத்தில் சிக்கிய ஐசோப்ரீன் பக்கத்துக் காட்டிலிருந்து வந்ததுதான், கண்டம் தாண்டி வந்ததாக இருக்க வழியே இல்லை. பின்னணி அளவு ஏறத்தாழ பூஜ்யம். இது பெரிய வசதி.

கார்பன் டை ஆக்சைடு நேர்மாறு. காற்றில் ஏற்கெனவே 420 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்ற அளவு) மேல் கிடக்கிறது, காடு அதில் கூட்டுவதோ குறைப்பதோ சில பிபிஎம். மீத்தேனும் அப்படித்தான்: பின்னணி 1,900 பிபிபி (நூறு கோடியில் ஒரு பங்கு), காற்றில் ஆயுள் ஒன்பது பத்து ஆண்டு, காட்டின் பங்கு சில பத்து பிபிபி. இந்த இரண்டிலும் கருவி எவ்வளவு நுட்பமாக இருந்தாலும், அட்லாண்டிக் கடலிலிருந்து உள்ளே வந்த காற்றில் எவ்வளவு இருந்தது என்று தெரியாவிட்டால் நீங்கள் அளந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை.

மரங்கள் விடும் வாயுக்களில் செஸ்குவிடெர்பீன் என்று இன்னொரு வகை உண்டு. அதில் சில, ஓசோனைச் சந்தித்தால் நிமிடக் கணக்கில் காணாமல் போய்விடும். மரத்தின் உச்சியைத் தாண்டி மேலே வருவதே சொற்பம். இதற்கு விமானம் எடுக்காதீர்கள். இலையையோ கிளையையோ பைக்குள் அடைத்து அளப்பதுதான் சரி.

சரி, கோபுரத்தோடு ஒப்பிடாமல் பறக்கும் கருவிகளைப் பற்றிப் பேச முடியாது. மனாவுஸுக்கு வடகிழக்கே சுமார் 150 கி.மீ. தள்ளி, உவாட்டுமா காப்பகத்தில் பிரேசிலும் ஜெர்மனியும் சேர்ந்து நிறுத்திய அட்டோ கோபுரம் 2015-ல் திறக்கப்பட்டது. அதன் மிகப் பெரிய பலம், அது எங்கேயும் போகாது. இரவு, விடியல், புயல் முடிந்த மறு நிமிடம், ஆண்டு முழுக்க எல்லாமே பதிவாகும். காட்டுக்கு மேல் இரவில் தாழ்வாகப் பறக்க எந்த விமானிக்கும் அனுமதி எளிதில் கிடைக்காது என்பதால், விமானத் தரவுகள் பெரும்பாலும் நண்பகலையொட்டியவை. கோபுரத்தின் பலவீனமும் அதே இடத்தில்தான்: அது எங்கேயும் போகாது. காற்று வரும் திசையில் இருக்கும் காட்டை மட்டும்தான் அது பார்க்கும். அமேசான் ஒரே மாதிரியான பச்சைக் கம்பளம் என்றால் இது போதும். அப்படி இல்லை என்பதை விமானங்கள்தான் காட்டின.

எனக்கு மிகவும் பிடித்த வழி தாழ்வாக, மெதுவாகப் பறந்து ஃப்ளக்ஸ் அளப்பது. ஃப்ளக்ஸ் என்றால், ஒரு சதுர மீட்டர் காட்டிலிருந்து ஒரு மணி நேரத்தில் எவ்வளவு வாயு மேலே போகிறது என்கிற கணக்கு. காற்றில் எவ்வளவு இருக்கிறது என்று அளப்பது ஒன்று, காடு எவ்வளவு விடுகிறது என்று அளப்பது இன்னொன்று. முதலாவதை வைத்து இரண்டாவதைச் சொல்ல நடுவில் ஒரு கணினி மாதிரிக் கணக்கு வேண்டும், அதில் ஏகப்பட்ட அனுமானம் நுழைந்துவிடும். ஃப்ளக்ஸ் விமானம் இரண்டாவதை நேராகவே அளக்கிறது. மரங்களுக்கு மேல் காற்று சுழன்றபடி மேலும் கீழுமாகப் போகிறது. மேலே ஏறும் காற்றில் வாயு அதிகமாகவும் இறங்கும் காற்றில் குறைவாகவும் இருந்தால் காடு அந்த வாயுவை விடுகிறது என்று பொருள். காற்றின் செங்குத்து வேகத்தையும் வாயுவின் அளவையும் நொடிக்குப் பத்து முறை ஒன்றாக அளந்து, இரண்டும் எப்படிச் சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்று பார்க்க வேண்டும். எடி கோவேரியன்ஸ் என்பது இதுதான்.

சொல்லும்போது எளிது. செய்யும்போது விமானம் நொடிக்கு 60 மீட்டர் ஓடிக்கொண்டிருக்கும், நீங்கள் அளக்க வேண்டிய செங்குத்துக் காற்றோ நொடிக்கு ஒரு மீட்டர் இருந்தால் பெரிது. விமானம் எந்தக் கோணத்தில் சாய்ந்திருக்கிறது என்பதில் 0.1 டிகிரி தப்பு விட்டால் செங்குத்து வேகத்தில் நொடிக்கு 0.1 மீட்டர் தப்பு வந்துவிடும். அதனால்தான் மூக்கில் ஐந்து துளை அழுத்தமானி, உள்ளே ஜிபிஎஸ்ஸோடு இணைந்த நிலைமானி எல்லாம் வேண்டியிருக்கிறது. இன்னொன்றும் உண்டு. காற்று வெளியே உறிஞ்சப்பட்டு, குழாய் வழியாக வந்து கருவிக்குள் போக ஒரு நொடி ஆகிறது என்றால், அந்த ஒரு நொடியில் விமானம் 60 மீட்டர் தள்ளிப் போயிருக்கும். வாயுத் தரவையும் காற்றுத் தரவையும் சரியாக நகர்த்திப் பொருத்தாவிட்டால் வரும் ஃப்ளக்ஸ் குப்பை.

2011 ஜூனில் கலிஃபோர்னியாவில் ட்வின் ஆட்டர் விமானத்தில் கேபர்னெட் என்ற பெயரில் இதைச் செய்தார்கள். சியரா நெவாடா அடிவாரத்து ஓக் காடுகள் ஐசோப்ரீனைக் கொட்டுபவை. அங்கே ஒரே கோட்டில் வெவ்வேறு உயரத்தில் போய்வந்து ஃப்ளக்ஸ் எடுத்தார்கள். ஏன் பல உயரம் என்றால், மேலே போகப் போக ஐசோப்ரீன் சிதைந்து ஃப்ளக்ஸ் குறையும். குறையும் வேகம் தெரிந்தால்தான் கீழே மரத்தின் மேல் எவ்வளவு இருந்திருக்கும் என்று திரும்பிக் கணக்கிட முடியும். இந்த அடுக்கடுக்கான ஓட்டத்தைத் திட்டத்திலிருந்து வெட்டி, அந்த நேரத்தில் இன்னும் கொஞ்சம் காட்டைப் பார்க்கலாம் என்று எல்லோருக்கும் ஆசை வரும். வெட்டாதீர்கள். அது இல்லாத ஃப்ளக்ஸ், உண்மையைவிடக் குறைவாகத்தான் காட்டும்.

அமேசானில் இதன் பலன் 2014-ல் தெரிந்தது. அமெரிக்க எரிசக்தித் துறையின் ஜி-1 விமானம் கோஅமேசான் ஆய்வுக்காக மனாவுஸைச் சுற்றிப் பறந்தபோது கிடைத்த ஐசோப்ரீன் ஃப்ளக்ஸ், நிலத்தின் உயரத்தோடு சேர்ந்து ஏறியது. மத்திய அமேசானில் மேட்டு நிலத்துக்கும் ஓடைப் பள்ளத்துக்கும் உயர வித்தியாசம் பெரிதாக ஒன்றும் இல்லை, மலை என்று சொல்லவே முடியாது. ஆனாலும் மேட்டில் வளரும் மரங்கள் வேறு, பள்ளத்தில் வளர்பவை வேறு, அவை விடும் ஐசோப்ரீனும் வேறு. அதைவிட முக்கியமான விஷயம்: 2017-ல் வெளியான அந்த முடிவுகளின்படி விமானம் அளந்த அளவு, செயற்கைக்கோளை வைத்துச் சொன்ன மதிப்பீட்டைப்போல மூன்று மடங்குக்கும் மேல், கணினி மாதிரி சொன்னதைவிட 35 சதவீதம் அதிகம். மூன்று மடங்கு என்பது சாதாரணப் பிழை இல்லை. காடு எவ்வளவு விடுகிறது என்பதை வைத்துத்தான் ஓசோன், துகள், மீத்தேன் ஆயுள் எல்லாவற்றையும் கணக்கிடுகிறோம், அஸ்திவாரமே ஆடுகிறது.

விமானத்துக்குள் என்ன கருவி வைப்பது? வேகமாகப் படிக்க வேண்டுமென்றால் பி.டி.ஆர்.-எம்.எஸ்., அதாவது வாயு மூலக்கூறுகளை எடைபோட்டு அடையாளம் காணும் கருவி. ஆஸ்திரியாவின் இன்ஸ்பிரக்கில் 1990-களில் உருவானது. நீர் மூலக்கூறோடு ஒரு புரோட்டானைச் சேர்த்து அயனியாக்கி, அதைக் காற்று மாதிரியோடு மோதவிட்டால் ஐசோப்ரீன் போன்றவை அந்தப் புரோட்டானை வாங்கிக்கொள்ளும்; நைட்ரஜனும் ஆக்சிஜனும் வாங்காது. அதனால் காற்றைச் சுத்திகரிக்காமல், சேமிக்காமல், அப்படியே படிக்கலாம். குறை என்னவென்றால் இது எடையை மட்டும்தான் பார்க்கிறது. ஆல்ஃபா பைனீன், லிமோனீன் என்று மரங்கள் விடும் இரண்டு வாயுக்களும் இதற்கு ஒன்றே, இரண்டும் 137 என்ற எடையில் வந்து நிற்கும். 69-ல் வருவதெல்லாம் ஐசோப்ரீன் என்று நம்பினால் பைன் காட்டில் மாட்டிக்கொள்வீர்கள், ஏனென்றால் வட அமெரிக்கப் பைன்கள் சில விடும் மெத்தில் பியூட்டனால் உடைந்து அதே 69-ல் வரும். காட்டுத்தீப் புகையில் ஃபியூரானும் வரும், எடையை நுணுக்கமாகப் பிரிக்காத பழைய வகைக் கருவிக்கு அதுவும் 69-தான். ஆகவே பி.டி.ஆர்.-எம்.எஸ். போகும் எந்த விமானத்திலும் கூடவே காற்றைப் பிடித்து வைக்கும் சில கேனிஸ்டர்களோ (உலோகக் கலன்கள்) வாயுவை உறிஞ்சி வைக்கும் குழாய்களோ போக வேண்டும் என்பது என் கருத்து. தரைக்கு வந்தபின் அவற்றை ஜி.சி.-எம்.எஸ். என்ற ஆய்வகக் கருவியில் வாயு வாயுவாகப் பிரித்துப் பார்த்து, மேலே படித்தது உண்மையில் எந்த மூலக்கூறு என்று உறுதி செய்துகொள்ளலாம்.

அப்புறம் குழாய். டெஃப்லான் வகைக் குழாய், முடிந்தவரை குட்டையாக, கொஞ்சம் சூடாக. நீளமான குளிர்ந்த குழாயில் ஒட்டும் வாயுக்கள் சுவரில் ஒட்டிக்கொண்டு, நீங்கள் காட்டைக் கடந்து ஆற்றுக்கு மேல் போனபின் மெல்ல மெல்ல உதிரும். தரவில் ஆறு ஐசோப்ரீன் விடுவதுபோல் ஒரு வால் தெரிந்தால் முதலில் குழாயைச் சந்தேகப்படுங்கள். பறக்கும்போதே இடையிடையே வினையூக்கி வழியாகச் சுத்தமான காற்றை அனுப்பி பூஜ்யத்தைச் சரிபார்ப்பதும் கட்டாயம். ஈரப்பதம் மாறினால் இந்தக் கருவியின் உணர்திறன் மாறும், அமேசான் காற்றில் ஈரப்பதத்துக்குக் குறைவே இல்லை.

இவ்வளவுக்கும் பணம் இல்லை, ஆளும் இல்லை என்பவர்களுக்கு ட்ரோன். இது ஏழைகளின் விமானம் என்று ஒதுக்குபவர்களோடு எனக்கு உடன்பாடே இல்லை. 2018 மழைப் பருவத்தில் மத்திய அமேசானில் ஒரு குழு ஆறு சுழலி ட்ரோனை மேட்டுக் காட்டின் மேலும் சரிவுக் காட்டின் மேலும் பறக்கவிட்டு, மர உச்சியை ஒட்டிய காற்றைச் சேகரித்தது. விரல் அளவு குழாய்கள், உள்ளே உறிஞ்சும் பொடி, ஒரு சின்ன பம்ப். பம்ப் காற்றை இழுக்கும்போது வாயுக்கள் பொடியில் தங்கிவிடும். ஆய்வகத்தில் குழாயைச் சூடாக்கினால் வெளியே வரும், பிரித்து அளக்கலாம். முடிவு: மேட்டுக் காட்டின் மேல் ஐசோப்ரீன் சரிவுக் காட்டைவிட 50 சதவீதம் அதிகம். அந்த அளவு வித்தியாசம் காற்றில் தெரிய வேண்டுமென்றால் மரங்கள் விடும் அளவில் 220 முதல் 330 சதவீதம் வித்தியாசம் இருக்க வேண்டும் என்று கணக்கு சொன்னது. பெரும்பாலான கணினி மாதிரிகள் இந்த இரண்டு காட்டுக்கும் ஒரே எண்ணைத்தான் போட்டுக்கொண்டிருந்தன. ஜி-1 விமானம் பெரிய பரப்பில் பார்த்த அதே மேடு பள்ள வித்தியாசத்தை ட்ரோன் சில நூறு மீட்டர் தூரத்துக்குள் பிடித்துவிட்டது. விமானத்தால் இது முடியாது: ஃப்ளக்ஸ் கணக்குக்குக் குறைந்தது ஒன்றிரண்டு கி.மீ. நீள ஓட்டம் வேண்டும், அதற்குள் மேடும் பள்ளமும் ஒன்றாகக் கலந்துவிடும்.

ட்ரோனின் எல்லைகளும் தெளிவானவை. சுமையோடு அரை மணி நேரம்கூட நிற்காது. ஒரு குழாய் நிரம்ப நிமிடக் கணக்கில் பம்ப் ஓட வேண்டும் என்பதால் ஒரு பறப்புக்குச் சில மாதிரிகள்தான் தேறும், நொடிக்குப் பத்து முறை என்ற பேச்சுக்கே இடமில்லை. சுழலி காற்றைக் கலக்கும், அதனால் உறிஞ்சும் இடம் எங்கே என்பதை முதலிலேயே சோதித்துப் பார்க்க வேண்டும். ஓசோன் வடிகட்டி போடாவிட்டால் குழாயில் தங்கிய டெர்பீன்கள் (பைனீன், லிமோனீன் போன்றவை) ஆய்வகம் போவதற்குள் பாதி காணாமல் போகலாம். ஆனாலும் ஒரு மாணவர், ஒரு பருவம், ஒரு காட்டுக்குள் இரண்டு வகை மரக்கூட்டம் என்ற கேள்விக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

கயிறு கட்டிய பலூனைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றும் இல்லை. 1980-களில் மனாவுஸ் பக்கத்திலேயே பயன்பட்டது, ஒரே புள்ளியில் உயரம் உயரமாக அளக்க இன்றைக்கும் நல்லது, பலமான காற்றிலும் இடிமழையிலும் உதவாது. ஐரோப்பாவில் செப்பலின் வான்கப்பலையும் பயன்படுத்தியிருக்கிறார்கள், 2013-ல் ஃபின்லாந்தின் ஹ்யூட்டியாலா ஊசியிலைக் காட்டுக்கு மேல். மெதுவாக மிதக்கும், எடை தாங்கும், ஆனால் அதை இறக்கி நிறுத்தவே ஒரு தனிப் படை வேண்டும். வெப்பமண்டலக் காட்டுக்கு நடைமுறையில் சரிப்படாது என்றே நினைக்கிறேன்.

இப்போது ஆயுள் நீண்ட வாயுக்களுக்கு வருவோம். கார்பன் டை ஆக்சைடும் மீத்தேனும் என்றால் என் தேர்வில் தயக்கமே இல்லை: வாடகைக்குக் கிடைக்கும் சின்ன விமானம், பெட்டி நிறையக் கண்ணாடிக் குடுவை, மாதம் இரண்டு தடவை, ஆண்டுக்கணக்கில்.

பிரேசிலில் லூசியானா காட்டி என்ற ஆய்வாளரின் குழு செய்தது இதைத்தான். சாண்டரெம், அல்டா ஃப்ளோரெஸ்டா, ரியோ பிராங்கோ, டபடிங்கா (பின்னால் அதற்குப் பதில் டெஃபெ) என்று நான்கு இடங்கள். விமானம் 4.4 கி.மீ. உயரத்துக்கு ஏறி, அங்கிருந்து சுழன்று சுழன்று 300 மீட்டர் வரை இறங்கும். இறங்கும்போது குறித்த உயரங்களில் ஒவ்வொரு குடுவையாக நிரம்பும். ஒரு குடுவை 0.7 லிட்டர், இடத்தைப் பொறுத்து ஒரு பெட்டியில் 12 அல்லது 17. காற்றை உறிஞ்சும் குழாய் எஞ்சின் புகை படாத இடத்தில் இருக்கும். அவ்வளவுதான், விமானத்துக்குள் விஞ்ஞானி உட்கார வேண்டிய அவசியம்கூட இல்லை, நன்றாகப் பழக்கிய விமானியே போதும். பெட்டி ஆய்வகத்துக்குப் போகும், எல்லா இடத்துக் குடுவையையும் ஒரே கருவி அளக்கும். இந்தக் கடைசி விஷயத்தை நான் அழுத்திச் சொல்கிறேன். நான்கு இடத்தில் நான்கு கருவி வைத்தால் கருவிகளுக்குள் இருக்கும் வித்தியாசமே காட்டின் வித்தியாசம்போல் தோன்றும். சில பிபிஎம் சிக்னலைத் தேடும்போது அது ஆபத்து.

2010 முதல் 2018 வரை 590 பறப்புகள். 2021-ல் வந்த முடிவு உலகம் முழுக்கப் பேசப்பட்டது: தென்கிழக்கு அமேசான் இழுப்பதைவிட அதிகமாகக் கார்பனை விடுகிறது. அமேசான் முழுமைக்கும் ஆண்டுக்கு 29 கோடி டன் கார்பன் வெளியேற்றம். அதில் தீ மட்டும் 41 கோடி டன், காடு திரும்ப இழுப்பது 12 கோடி டன். தீயையும் மரத்தையும் எப்படிப் பிரித்தார்கள்? அதே குடுவையில் கார்பன் மோனாக்சைடையும் அளந்தார்கள், அது எரிதலின் அடையாளம். ஆகவே கார்பன் மோனாக்சைடு அளக்காத எந்தத் திட்டமும் பாதித் திட்டம். ஐசோப்ரீன் ஆட்களுக்கும் இதே அறிவுரைதான், அவர்கள் எரிதலின் இன்னொரு அடையாளமான அசிட்டோநைட்ரைலையும் சேர்த்துப் பார்க்கலாம், பி.டி.ஆர்.-எம்.எஸ்.-லேயே தெரியும்.

அந்த 29 கோடி டன்னோடு ஒரு பிழை எல்லை வருகிறது: கூட்டியோ குறைத்தோ 40 கோடி டன். 590 தடவை பறந்தும் அவ்வளவு. இதைக் காட்டி இந்த முறை பலவீனமானது என்பவர்கள் உண்டு. நான் நேர்மாறாகப் பார்க்கிறேன். ஒன்பது ஆண்டுக்கே இவ்வளவு சந்தேகம் மிஞ்சும் என்றால், ஒரு மாதம் பறந்து விட்டு ஒரு கண்டத்துக் காட்டின் கணக்கைச் சொல்பவரை எப்படி நம்புவது? இதே குழுவின் முந்தைய கணக்கைப் பாருங்கள்: கடும் வறட்சி வந்த 2010-ல் அமேசான் 48 கோடி டன் கார்பனை இழந்தது, மழை நன்றாகப் பெய்த 2011-ல் அது 6 கோடி டன், அதாவது கிட்டத்தட்ட சமநிலை. ஒரே ஒரு ஆண்டு மட்டும் பறந்திருந்தால் எந்த ஆண்டில் பணம் கிடைத்தது என்பதைப் பொறுத்து முடிவே தலைகீழாகியிருக்கும்.

மீத்தேனிலும் இந்தக் குடுவைகள் ஒரு பெரிய காரியம் செய்தன. மேலிருந்து பார்த்தால் அமேசான் ஆண்டுக்கு 4 கோடி டன்னுக்குச் சற்று மேல் மீத்தேன் விடுகிறது என்று வந்தது. தரையில் சதுப்பு, ஏரி, ஆறு என்று தெரிந்த மூலங்களை எல்லாம் கூட்டியபோது அவ்வளவு தேறவில்லை. விட்டுப்போன பங்கு வெள்ளச் சமவெளி மரங்களின் அடித்தண்டு வழியாக வருகிறது என்று 2017-ல் காட்டினார்கள். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மரங்களில் தண்டைச் சுற்றி அறை பொருத்தி அளந்தபோது 1.5 முதல் 2.1 கோடி டன் வரை அங்கிருந்துதான் என்று கணக்கு நேரானது. எந்த மரம் என்று விமானம் சொல்லாது. ஆனால் ஏதோ குறைகிறது என்று விமானம் சொல்லியிருக்காவிட்டால் சதுப்பு நீருக்குள் இறங்கி மரத்தண்டைத் தேடிப் போயிருப்பார்களா என்று தெரியாது.

குடுவைக்குப் பதில் லேசர் ஒளியால் வாயுவை அளக்கும் கேவிட்டி ரிங்-டவுன் கருவியை விமானத்திலேயே ஏற்றி நொடிக்கு நொடி படிக்கலாமே என்றால், படிக்கலாம், கார்பன் டை ஆக்சைடு, மீத்தேன், கார்பன் மோனாக்சைடு மூன்றும் ஒரே பெட்டியில் வரும். ஒரு நதிப் பள்ளத்தாக்கின் மேல் மீத்தேன் எங்கே ஏறுகிறது என்று தேடும் வேலைக்கு அதுதான் சரி. பத்தாண்டுக் கண்காணிப்புக்கு நான் குடுவையைத்தான் எடுப்பேன், தொலைதூர ஊரில் பழுதாக அதில் அதிகம் ஒன்றும் இல்லை.

பெரிய ஜெட்? ஜெர்மனியின் ஹேலோ விமானத்தைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். கல்ஃப்ஸ்ட்ரீம் ஜி550, மூன்று டன் வரை கருவிகள், 15 கி.மீ. உயரம், பத்து மணி நேரத்துக்கு மேல் பறக்கும். 2022 டிசம்பரிலும் 2023 ஜனவரியிலும் மனாவுஸிலிருந்து கேஃப்-பிரேசில் ஆய்வுக்குப் பறந்தது. அது கண்டதைத் தரையிலிருந்து யாராலும் கண்டிருக்க முடியாது. மாலைவரை இலை விட்ட ஐசோப்ரீன் இரவில் சிதையாமல் கிடக்கிறது, ஹைட்ராக்சில் உண்டாக வெயில் வேண்டும் அல்லவா. அந்த நேரத்தில் இடிமேகங்கள் அதை 10 கி.மீ.க்கு மேல் தூக்கிக் கொண்டுபோய் விடுகின்றன. விடிந்ததும் அங்கே மின்னல் உண்டாக்கிய நைட்ரஜன் ஆக்சைடுகளோடு சேர்ந்து வினைபுரிந்து ஐசோப்ரீன் நைட்ரேட்டுகளாகி, அவற்றிலிருந்து புதுத் துகள்கள் பிறக்கின்றன. 2024 டிசம்பரில் வெளியான இந்த முடிவு எனக்கு இன்னும் ஆச்சரியம்தான். ஆனால் கவனியுங்கள், இங்கே கேள்வி வேறு: காடு விட்ட வாயு மேலே போய் என்ன ஆகிறது என்பது. காடு எவ்வளவு விடுகிறது என்ற கேள்விக்கு ஹேலோ தேவையில்லை, வேகமும் உயரமும் இங்கே உதவுவதைவிட இடைஞ்சல்தான் அதிகம்.

ஜெட் ஆய்வுகளிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய எச்சரிக்கை ஒன்று உண்டு. 2005 அக்டோபரில் சுரினாம் பக்கத்துக் காடுகளின் மேல் ஒரு லியர்ஜெட் பறந்தது, கேப்ரியல் ஆய்வு. ஐசோப்ரீன் மிகுந்த காற்றில் ஹைட்ராக்சில் குறைந்துபோயிருக்கும் என்று கணினி மாதிரிகள் சொன்னதற்கு மாறாக, நிறையவே இருந்தது. ஐசோப்ரீன் சிதையும்போது ஹைட்ராக்சில் மறுபடி உருவாகும் வழிகளை ஆய்வாளர்கள் தேட ஆரம்பித்தார்கள், அதில் உண்மையாகவே புதிய வேதியியல் கிடைத்தது. சில ஆண்டுகள் கழித்து கலிஃபோர்னியாவில் ஒரு காட்டில், அதே வகை லேசர் முறையில் இயங்கும் கருவி தனக்குள்ளேயே ஹைட்ராக்சிலை உண்டாக்கிக் கணக்கை ஏற்றிக் காட்டுவதும் தெரியவந்தது. ஆகவே ஒரே வாயுவை முற்றிலும் வேறு முறையில் அளக்கும் இன்னொரு கருவியை ஏற்ற இடம் இருந்தால், புதிதாக ஐந்து வாயுக்களை அளப்பதைவிட அதையே ஏற்றுங்கள்.

செயற்கைக்கோள் இலவசமாயிற்றே என்ற வாதம் எப்போதும் வரும். தரவு இலவசம், உண்மை. 2017-ல் ஏவிய ட்ரோபோமி என்ற செயற்கைக்கோள் கருவி சில கி.மீ. துல்லியத்தில் ஃபார்மால்டிஹைடைப் பார்க்கிறது, ஐசோப்ரீன் சிதைந்தால் உண்டாவதில் அதுவும் ஒன்று. 2011 முதல் சுற்றும் கிரிஸ் கருவியின் அகச்சிவப்புத் தரவிலிருந்து ஐசோப்ரீனையே எடுக்கவும் வழி கண்டுவிட்டார்கள். இரண்டும் கடப்பது நண்பகல் தாண்டி ஒன்றரை மணியளவில். காலை எப்படி ஏறுகிறது, மாலை எப்படி இறங்குகிறது என்பது தெரியாது, மழைப் பருவத்தில் மேகம் மறைக்கும், ஃபார்மால்டிஹைடில் தீயின் பங்கும் கலந்திருக்கும். பறக்கும் முன் எங்கே பறப்பது என்று முடிவுசெய்ய இதைவிட நல்ல வரைபடம் கிடையாது. பறக்காமலே முடிவைச் சொல்ல இது போதாது, மூன்று மடங்கு வித்தியாசத்தை மேலே பார்த்தோம்.

ஆகவே என்னைக் கேட்டால் இப்படி: கேள்வி ஐசோப்ரீன், பரப்பு ஒரு மாவட்டம் அளவு, கையில் ஓரளவு பணம் என்றால் ட்வின் ஆட்டர் மாதிரி மெதுவான இரட்டை எஞ்சின் விமானத்தில் வேகமான பி.டி.ஆர்.-எம்.எஸ்., கூடவே கேனிஸ்டர்கள், வறண்ட பருவத்தில் ஒரு சுற்று, மழைப் பருவத்தில் ஒரு சுற்று. இரண்டில் ஒன்றுக்குத்தான் பணம் என்றால் பறக்கும் மணி நேரத்தைப் பாதியாக்கி இரண்டு பருவத்துக்கும் போங்கள். பணம் குறைவு, கேள்வி ஒரு காட்டுக்குள்ளான வேற்றுமை என்றால் ட்ரோன், உறிஞ்சு குழாய், ஓசோன் வடிகட்டி. கார்பன் கணக்கு என்றால் குடுவையும் வாடகை விமானமும், ஐந்து ஆண்டுக்குக் குறைந்து யோசிக்கவே வேண்டாம். முதல் மூன்று ஆண்டு பணத்தை ஒரே பெரிய பறப்பு மாதத்தில் செலவழிக்கச் சொல்லும் திட்டம் எவ்வளவு கவர்ச்சியாக இருந்தாலும் மறுத்துவிடுங்கள். எதை எடுத்தாலும், பறக்கும் பாதையில் ஒரு கோபுரம் இருக்குமாறு போட்டுக்கொள்ளுங்கள். விமானம் அந்தக் கோபுரத்தைக் கடக்கும் சில நிமிடங்களில் இரண்டின் எண்களும் ஒத்துப்போகவில்லை என்றால், மேலும் பறப்பதற்கு முன் ஏன் என்று கண்டுபிடிக்க வேண்டும்.